மூன்றாம் கூடத்தைக் கழுவியவன்

கையெழுத்துப் போடமாட்டேன், அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காபியைக் குடித்து முடித்த பிறகு சொன்னால், ‘இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாமே’ என்று உனக்குத் தோன்றும். உட்கார். மின்விசிறிக்கு நேரே உட்காராதே. அந்தத் தாள்கள் பறந்துவிடும்.

நீ சூசைமாணிக்கத்தின் மகள் என்பதை வாசலில் நின்றபோதே தெரிந்துகொண்டேன். அதே அகன்ற நெற்றி. ரோஸ்லின் என்று பெயர் வைத்திருப்பதாக உன் அம்மா எழுதிய கடிதத்தை அங்கே முகாமில் நான்தான் உன் அப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ‘மாமா’ என்று கூப்பிட்டாய். மகிழ்ச்சி. உன் அப்பனும் நானும் மேட்டூரில் ஒரே ஆலையில் குளோரின் உருளைகளை உருட்டியவர்கள். ஒரே நாளில் ஒரே முகவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தவர்கள். ஒரே விமானத்தில் அந்தப் பாலைவனத்தில் போய் இறங்கியவர்கள். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த அரசே இப்போது இல்லையே என்கிறாயா? அரசு போய்விட்டது, நான் போட்ட கையெழுத்து போகவில்லை. எனக்குக் கையெழுத்து என்றால் அப்படித்தான். உன் தாளில் போட மறுப்பதும் அதனால்தான்.

நான் மேடையில் பேசுவதுபோல் பேசுகிறேன் என்று உனக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். எனக்குக் கீழே பதினொரு பேர் வேலை பார்த்தார்கள். இருவர் யாழ்ப்பாணம், மூவர் பாலக்காடு, ஒருவர் நெல்லூர், மற்றவர்கள் நம் பக்கம். நம்மூர்ப் பேச்சைப் பேசினால் பாதிப் பேருக்குப் பாதிதான் புரியும். அமிலக் குழாயின் கீழே நிற்பவனுக்குப் பாதி புரிந்தால் போதாது. முழுச் சொல்லாகப் பேசிப் பேசி நாக்கு அப்படியே படிந்துவிட்டது. இந்த வீட்டில் என் மனைவி பாவாயி ஒருத்திதான் இன்னும் இதற்குப் பழகவில்லை.

சரி, உன் தாளுக்கு வருவோம். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று திருப்பிச் சொல்கிறேன். உன் அப்பனுக்கு நுரையீரலில் முக்கால் பங்கு போய்விட்டது. வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுக்கிறான். அந்த நாட்டில் கொடிய ஆயுதம் செய்த இடங்களில் வேலை பார்த்து நச்சுவாயுவால் கெட்டுப்போனவர்களை இப்போது ஒரு குழு பட்டியல் எடுக்கிறது. பட்டியலில் பெயர் ஏறினால் அதற்கென்றே இருக்கிற மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் ஏற வேண்டுமானால், அவன் வேலை பார்த்த மூன்றாம் கூடத்தில் நச்சுவாயு இருந்தது என்று காட்ட வேண்டும். ஆய்வாளர்களின் பழைய அறிக்கையோ, ‘மூன்றாம் கூடம் கழுவப்பட்டிருந்தது, தடயம் எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது. ஆகவே அந்தக் கூடத்தின் ஃபோர்மேன் வாயைத் திறக்க வேண்டும். கடைசி நாள் இந்த மாதம் இருபத்தெட்டு. இவ்வளவுதானே? புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

இப்போது உன் வழக்கறிஞர் எழுதியதை நானே படிக்கிறேன், கேள். ‘மூன்றாம் கூடத்தின் ஃபோர்மேனாகிய அர்த்தநாரி என்னும் நான், ஆய்வாளர்கள் வருவதற்கு முந்தைய நாள், ஆலை நிர்வாகத்தின் உத்தரவின்பேரில், அதன் நோக்கம் இன்னதென்று அறியாமல், அங்கிருந்த கலனைக் கழுவினேன்.’ எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. உத்தரவின்பேரில்! அறியாமல்! இந்த இரண்டு சொல்லையும் எழுதிய கைக்கு என்னைத் தெரியுமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். அது பூச்சிக்கொல்லி ஆலை. வாயிற்பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. ஒருவன் மூன்று மொழிகளிலுமா பொய் எழுதுவான்? முன்பொரு நிருபர் தொலைபேசியில் கேட்டார்: “சுற்றி நூறு கிலோமீட்டருக்கு ஒரு வயல்கூடக் கிடையாதே, பூச்சி எங்கே இருந்தது?” நான் கேட்டேன்: “தீப்பெட்டி செய்கிற ஊரில்தான் எல்லா அடுப்பும் எரிகிறதா?” போனை வைத்துவிட்டார். சரக்கை ஏற்றிச் சென்றவை படை வண்டிகள். சும்மா நிற்கிற வண்டியை அரசு வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாதா? வெள்ளைப்பூண்டு வாசனை வரும். பூச்சிமருந்தில் பூண்டு வாசனை வருவது மேட்டூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கூடத்தில் கூண்டு கூண்டாகப் புறாக்கள் தொங்கின. அந்த நாட்டாருக்குப் பறவை வளர்ப்பில் அவ்வளவு ஆசை. வாரந்தோறும் புதுப் புறா வாங்கி வைப்பார்கள். பழைய புறாக்கள் என்ன ஆயின என்றா கேட்கிறாய்? புறா பார்ப்பது என் வேலையன்று, அம்மா.

மூன்றாம் கூடத்தின் நடுவில் ஓர் இரும்புக் கலன் நின்றது. உள்ளே கண்ணாடிப் பூச்சு. இரண்டு ஆள் உயரம். ‘பெரியவர்’ என்று அதற்குப் பெயர் வைத்தது உன் அப்பன். “பெரியவருக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல போல, உறுமுறாரு” என்பான். பத்து ஆண்டுகள் அந்தக் கலனை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு மரை தளர்ந்ததில்லை. அதில் கொதித்தது எது என்று என்னைக் கேட்டால், பீப்பாயில் எண்தான் எழுதியிருந்தது. எண்ணைத்தான் படித்தேன்.

பிறகு அந்த நாடு ஒரு போரில் தோற்றது. எங்களிடம் இருக்கிற கொடிய ஆயுதங்களையெல்லாம் காட்டி அழித்துவிடுகிறோம் என்று உலக நாடுகளுக்கு எழுதிக் கொடுத்தது. சொன்னபடி அழிக்கிறார்களா, ஒளிக்கிறார்களா என்று பார்க்க ஆய்வாளர்கள் வருவார்கள். எந்த நாளில், எந்த ஆலைக்கு என்று முன்னால் சொல்லமாட்டார்கள். விமானம் இறங்கிய பிறகுதான் தெரியும். எங்கள் தலைமைப் பொறியாளர் அந்த மாதங்களில் காலையில் எழுந்ததும் மாடியில் நின்று வானத்தைப் பார்ப்பார். நல்ல காற்று வரும் இடம் அது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படித்தவர், கண்டிப்பானவர், தொழிலாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுபவர். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி பிறந்ததும் அவர்முன் போய் நிற்பேன். “ஐயா, எங்கள் ஆயுத பூஜை வருகிறது. மூன்றாம் கூடத்தையும் கழுவிப் பொட்டு வைக்க அனுமதி வேண்டும்.” ஒவ்வோர் ஆண்டும் மறுப்பார். “முதல் கூடத்தில் வைத்துக்கொள், இரண்டாம் கூடத்தில் வைத்துக்கொள். மூன்றாம் கூடத்தில் பண்டிகை கிடையாது.” ஒன்பது ஆண்டுகள், அம்மா. துணி வெட்டுகிற கத்தரிக்கோலுக்கும் சைக்கிளுக்கும் சந்தனம் வைக்கிற இனம் நாம். எனக்குச் சோறு போட்ட இயந்திரத்துக்கு ஒன்பது ஆண்டுகள் ஒரு பொட்டு இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பத்தாம் ஆண்டு நான் கேட்கப் போகவில்லை. அவரே உணவுக்கூடத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“அர்த்தநாரி, உங்கள் கழுவுகிற பண்டிகை என்றைக்கு?”

தேதியைச் சொன்னேன்.

“கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ள முடியாதா?”

“பஞ்சாங்கத்தை நான் எழுதவில்லை, ஐயா” என்றேன்.

சிரித்தார். “சரி, அன்றைக்கே ஆகட்டும். இந்த முறை மூன்றாம் கூடத்தையும் கழுவுங்கள். கலனை உள்ளேயும் வெளியேயும் கழுவுங்கள். உங்கள் கடவுள் மகிழ வேண்டும்.”

உள்ளேயும் என்றார், கவனித்தாயா? நம்மூர் மேலாளர்கள்கூட வெளியே துடைத்தால் போதும் என்பார்கள். வேற்று மதத்தவர், உள்ளேயும் என்றார். நாற்பது கிலோ சோப்புத்தூள் கொடுத்தார். மூன்று தண்ணீர் லாரி வரவழைத்தார். எங்கிருந்தோ ஒரு வாழைத்தார்கூட வந்தது. எங்கள் பண்டிகைக்காக உள்ளூர்த் தொழிலாளர்கள் எல்லாருக்கும் அன்று விடுமுறை விட்டார். எப்பேர்ப்பட்ட மனம்! இதற்குப் பெயர் உத்தரவா? அனுமதி, அம்மா. ஒன்பது ஆண்டுகள் கேட்டுப் பெற்ற அனுமதி.

அன்று எப்படிக் கழுவினோம் தெரியுமா! பதினொரு பேரில் உன் அப்பன் மட்டும் இல்லை, முகாமில் படுத்திருந்தான். காலையில் அவனைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். “என் பங்குக்கும் அந்தக் கிழவன் முதுகுல ஒரு தேய்ப்புத் தேச்சுட்டு வாடா. பொரியில எனக்குப் பங்கு வெக்கல, அப்புறம் இருக்கு உனக்கு” என்றான். கிறிஸ்தவன்தான், ஆனாலும் மேட்டூர் ஆலையில் பொரியும் சுண்டலும் பங்கிட்டது எப்போதும் அவனே. முதலில் பிளீச்சிங் பவுடர்க் கரைசல், அடுத்து சோப்பு, அடுத்து நல்ல தண்ணீர் என்று மூன்று கை. தரை, குழாய், வடிகால், பெரியவரின் வயிறு, எல்லாம். மாலையில் சந்தனம், குங்குமம், ஊதுவத்தி. பூசணிக்காய்க்கு அந்த நாட்டில் எங்கே போவது? தர்ப்பூசணி வாங்கி, சூடம் ஏற்றி, வாசலில் உடைத்தோம். அந்தக் கூடம் கல்யாண மண்டபம்போல் இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, மறைக்கமாட்டேன்.

மறுநாள் காலை ஆய்வாளர்கள் வந்து இறங்கினார்கள்.

சிரிக்காதே. சரி, சிரி, நானும் பிறகு சிரித்திருக்கிறேன். தலை முதல் கால் வரை மூடிய உடையில் ஒன்பது பேர் வருகிறார்கள். வாசலில் சிவப்பாகச் சிதறிக் கிடக்கிறது. ஒருவர் கையை உயர்த்தினார், எல்லாரும் நின்றுவிட்டார்கள். சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டினார்கள். ஒரு கருவியை நீட்டினார்கள். தர்ப்பூசணி, அம்மா! முக்கால் மணி நேரம் தர்ப்பூசணியை ஆராய்ந்தார்கள். பாலக்காட்டு வேலப்பன் என் காதருகே, “மேஸ்திரி, விதையைத் துப்பச் சொல்லுங்கோ” என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர்களுக்குத் தலைவி ஒரு நரைத்த அம்மையார். உள்ளே வந்து பெரியவரைச் சுற்றினார். பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுத்தார். சோப்பு, பிளீச்சிங் பவுடர், குங்குமம், வேறொன்றும் இல்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“கழுவச் சொன்னது யார்?”

“யாருமில்லை.”

“பிறகு ஏன் கழுவினீர்கள்?”

“நேற்று எங்கள் பண்டிகை.”

“இன்று நாங்கள் வருவது தெரியுமா?”

“அம்மையீர், நீங்கள் பிறப்பதற்கு முன்பே எங்கள் பண்டிகை இருக்கிறது” என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். குங்குமத்தைச் சுரண்டி மூன்று குப்பிகளில் அடைத்து முத்திரை வைத்தார்கள். பாவாயி ஈரோட்டுக் கடைவீதியில் வாங்கி அனுப்பிய குங்குமம், எந்த நாட்டு ஆய்வகத்தில் இன்னும் இருக்கிறதோ.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. அலுவலகத்தில் இருந்தவர் ஒரு பக்கத்தைக் காட்டினார். எங்களைப் பற்றி ஒரே ஒரு வரி. ‘ஆலை நிர்வாகத்தின் உத்தரவின்பேரில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கலனைக் கழுவித் தடயங்களை அகற்றியுள்ளனர்.’ என் பெயர் இல்லை. பண்டிகை என்ற சொல் இல்லை. உத்தரவு இருக்கிறது, தொழிலாளர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை. குழி வெட்டியவனைத் தேடுவார்கள். மண்வெட்டிக்கு யார் பெயர் கேட்பார்கள்? நான் மண்வெட்டி அல்லன். ஏழு கடிதங்கள் எழுதினேன். ‘யாரும் உத்தரவிடவில்லை, திருத்துங்கள்’ என்று ஏழு கடிதங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே வரியை நீ தமிழில் தட்டச்சு செய்து, என் வீட்டுக்கே கொண்டுவந்து, கையெழுத்துக் கேட்கிறாய்.

என்ன? பொறியாளர் எங்களைப் பயன்படுத்திக்கொண்டார் என்கிறாயா? உன் வயதுக்கு அப்படித்தான் தோன்றும். ஆய்வாளர்கள் போன பிறகு அவர் என்னைக் கட்டித் தழுவிக்கொண்டார், அம்மா. கண் கலங்கியிருந்தார். “உன் கடவுள் பெரியவர்” என்றார். பயன்படுத்திக்கொள்கிறவன் அழுவானா? சொல், அழுவானா? அந்தப் பேச்சை விடு. அவரை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மறுபடியும் கேள். காதில் விழுந்தது, ஆனாலும் கேள்.

பிளீச்சிங் பவுடர் எதற்கு என்று கேட்கிறாய்.

மேட்டூரில் பூஜைக்கு இயந்திரத்தைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடர் போட்டதுண்டா என்றும் கேட்கிறாய். நீ சூசைமாணிக்கத்தின் மகள்தான்; சந்தேகமே இல்லை. போட்டதில்லை. சோப்பும் தண்ணீரும் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய்.

பொறியாளர் கொடுத்த பொருள்களில் அது இல்லை. நான்தான் கேட்டேன். “பன்னிரண்டு பீப்பாய் பிளீச்சிங் பவுடர் வந்தால்தான் என் ஆள்கள் உள்ளே இறங்குவார்கள்” என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

ஏனென்றால் மூன்றாம் கூடத்துக்குப் போன முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: கசிந்ததன்மேல் முதலில் இதைக் கொட்டு, அதற்குப் பிறகே தண்ணீர். பூச்சிக்கொல்லிக்கு அப்படித்தான் என்றார்கள். பூச்சிக்கொல்லிக்கு அப்படித்தான் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பத்து ஆண்டுகள் சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டு மாதத்துக்குப் பிறகு அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

உன் அப்பன் ஆகஸ்டு மாதத்தைப் பற்றி உன்னிடம் என்ன சொல்லியிருக்கிறான்? குழாய் கசிந்தது, மூச்சு முட்டியது, கம்பெனி மருத்துவர் நிமோனியா என்று எழுதினார். அவ்வளவுதானா? முகமூடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?

சொல்லமாட்டான். அவன் சொல்லமாட்டான்.

அங்கே எல்லாரும் இரப்பர் முகமூடி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முகத்தில் மயிர் இருந்தால் முகமூடி ஒட்டாது. ஓரத்தில் காற்று நுழையும். ஆகவே ஒவ்வொரு காலையும் ஃபோர்மேன் ஒவ்வொருவன் கன்னத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரத்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அது என் வேலை. நெல்லூர்க்காரன் கூச்சத்தில் நெளிவான். உன் அப்பன் ஒவ்வொரு நாளும், “கல்யாணம் ஆனவன் கன்னம்யா, பாத்துத் தடவு” என்பான். பத்து ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் தடவியிருக்கிறேன். பழனிக்கு முடி வளர்த்தவனையும் சபரிமலைக்கு மாலை போட்டவனையும் தயவு இல்லாமல் வெளி வேலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் உன் அப்பன் தாடியோடு வந்து நின்றான்.

“எட்டு வருஷம் கழிச்சு, போன லீவுக்கு அப்புறம், எம் பொண்டாட்டி உண்டாயிருக்காடா. வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கிட்டேன். புள்ள பொறக்குற வரைக்கும் கத்தி வெக்கமாட்டேன்.”

“முகமூடி ஒட்டாது, சூசை.”

“அப்ப என்னைய வெளிய போடு. குப்பை அள்ளுறேன்.”

வெளியே போட்டேன். மூன்று வாரம் வெளியேதான் இருந்தான். அந்த நேரத்தில்தான் மூன்றாம் கூடத்தின் குழாய்களை உடனே காலி செய்யச் சொன்னார்கள். ஆகஸ்டு முப்பதாம் நாள். பெரியவரின் அடிவால்வைத் திறக்கத் தெரிந்தவன் வேலப்பன். அவனுக்கு அன்று காய்ச்சல். அவனை விட்டால் உன் அப்பன். நான் அவனிடம் போனேன். “பத்து நிமிட வேலை. வா” என்றேன். அவன் ஒரு கணம் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தான். “ஃபோர்மேன் சொன்னா சரி” என்றான்.

வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவன் கன்னத்தையும் தடவிக்கொண்டே வந்தேன். அவன்முன் வந்தபோது கையை நீட்டவில்லை. நீட்டாமலே அடுத்தவனிடம் போனேன்.

அழாதே, அம்மா. உன்னை அழவைப்பதற்குச் சொல்லவில்லை. உனக்கு இதில் பங்கு கிடையாது. நீ பிறக்கவே இல்லை. மாதாவுக்கும் பங்கு கிடையாது. அவள் தாடி கேட்டாளே தவிர வால்வைத் திறக்கச் சொல்லவில்லை. கன்னத்தைத் தடவ வேண்டியவன் ஒருவன்தான். பாவாயி, இந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடு.

அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது தாடி ஈரமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் கண் வீங்கியது. மறுநாள் கழுத்தில் கொப்புளம். நிமோனியாவில் கொப்புளம் வராது என்று தெரிய மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. அதனால்தான் பிளீச்சிங் பவுடர். மற்றப் பத்துப் பேரின் தோலும் எனக்கு முழுதாக வேண்டியிருந்தது. அவர்களைக் காப்பாற்றினேன், எங்கும் சொல்வேன். அவனைக் கெடுத்தது எது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் அதே கையால் வடிகாலில் விட்டேன். அதை எங்கும் சொன்னதில்லை. அந்த அம்மையார் பஞ்சோடு பெரியவரைச் சுற்றியபோது, ஒரு சொட்டாவது எங்காவது ஒட்டியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. இருக்கவில்லை. நான் கழுவினால் இருக்காது.

பாவாயி சொல்வது கேட்கிறதா? “ஏனுங்க, அந்தப் புள்ள கொண்டுவந்ததுலயே போட்டுக் குடுத்துருங்களேன். உங்க மேல தப்பில்லைன்னுதான அதுல எழுதியிருக்குது” என்கிறாள். அதனால்தான் போடமாட்டேன், பாவாயி. வேறு காரணமே வேண்டாம்.

பேனாவைக் கொடு. வேறு வெள்ளைத் தாள் இருக்கிறதா? இதன் பின்பக்கமே போதும். நான் எழுதிக்கொண்டே படிக்கிறேன். பிழை இருந்தால் சொல்.

‘மூன்றாம் கூடத்தைக் கழுவும்படி எனக்கு எவரும் உத்தரவிடவில்லை. ஆயுத பூஜைக்காக நானே கழுவினேன். பிளீச்சிங் பவுடரை நானே கேட்டு வாங்கினேன். சோப்பு மட்டும் போதாது என்பதை அறிந்தே வாங்கினேன். அதே ஆண்டு ஆகஸ்டு முப்பதாம் நாள் அந்தக் கலனிலிருந்து கசிந்தது சூசைமாணிக்கத்தின் கண்ணையும் தோலையும் நுரையீரலையும் எரித்ததை என் கண்ணால் கண்டேன். அன்று காலை அவனது முகத்தைச் சோதிப்பது என் கடமை. அவன் தாடியோடு இருப்பதை அறிந்திருந்தும் நான் சோதிக்கவில்லை.’

பூச்சிக்கொல்லி என்ற சொல்லை நான் எழுதவில்லை. கவனித்தாய் அல்லவா? கவனித்தால் போதும். அதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

உன் வழக்கறிஞர் இதைப் பார்த்துப் பயப்படுவார். ‘அறிந்தே’ என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்பார். எடுத்தால் என் கையெழுத்தும் இல்லை என்று சொல். என்மேல் வழக்கு வருமா? வரட்டும். எழுபத்தாறு வயதில் என்னைக் கூண்டில் ஏற்றினால், முதல் கேள்வியாக என் பெயரைக் கேட்பார்கள் அல்லவா? உரக்கச் சொல்வேன். ‘வெளிநாட்டுத் தொழிலாளர்கள்’ என்று இனி ஒருவனும் எழுத முடியாது.

இதோ கையெழுத்து. தேதியும் போட்டுவிட்டேன். பாவாயியும் சாட்சியாகப் போடட்டும். அவளுக்குக் கையெழுத்து என்னைவிட அழகு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை நீ அவனுக்குப் படித்துக் காட்டாதே. நானே வந்து படிக்கிறேன். இங்கிருந்து உன் வீடு பேருந்தில் இருபது நிமிடம். ஊர் திரும்பிய இந்த இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் அந்தப் பேருந்தில் ஏறவில்லை. காலையில் எத்தனை மணிக்கு அவன் கொஞ்சம் தெளிவாக இருப்பான்? பத்து மணிக்கா? வருகிறேன். அவன் என்னைத் திட்ட வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுத் திட்டு பாக்கி இருக்கிறது. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றாயே, எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அவசரமில்லை. கடைசி வார்த்தை வரை உட்கார்ந்து கேட்பேன்.